பால் எடுப்பது வேலையில் சேருமா?

மில்லி கேட்டது ஒரே ஒரு தாழ்ப்பாள். இரும்போ பித்தளையோ, விரல் நீளம் இருந்தால் போதும். கதவின் உள்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் தச்சரைக் கூப்பிட்டு, நாலு திருகாணியை முடுக்கி, அன்றைக்கே காரியத்தை முடித்திருப்பார்கள். அவளுடைய போதாத காலம், அவள் வேலை பார்த்தது அளவைத் துறைத் தலைமையகத்தில்.

ஊரில் உள்ள தராசுகளும் அளவுகோல்களும் பெட்ரோல் போடும் குழாய்களும் ஒழுங்காக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதற்காக ஏற்பட்ட துறை அது. வாசலில் 'அளக்கப்படாதது இல்லாதது' என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. ஒருமுறை மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி கழன்று விழுந்தபோது, அது என்ன வேகத்தில் விழுந்தது என்பதைத்தான் முதலில் கணக்கிட்டார்கள். யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அளந்து முடிக்கும்வரை அசையாமல் கிடந்து ஒத்துழைத்ததற்காக அந்தத் தலைக்குரியவரைப் பிற்பாடு மேடையில் பாராட்டினார்கள்.

மில்லிக்கு எடைக்கல் பிரிவில் வேலை. கடைத் தராசுகளைச் சோதிக்க எடுத்துப் போகும் கற்கள் தேய்ந்துபோயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இயக்குநரே கொண்டுவந்து கொடுத்த ஒரு கல்லை, ஒரு மில்லிகிராம் குறைகிறது என்று திருப்பி அனுப்பியதிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர். பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். கணவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கு மாலை முறை. பகலெல்லாம் குழந்தை அவரிடம். அலுவலகத்தில் அவள் கைப்பம்பில் எடுத்து வைக்கும் பால் மறுநாள் பகலுக்கு ஆகும். இந்த ஏற்பாட்டில் மூன்று பேரும் ஓரளவு நிம்மதியாகவே இருந்தார்கள், ஐந்து கிலோ கல் வந்து குறுக்கே விழும்வரை.

அவள் பால் எடுத்தது எடைக்கற்கள் அடுக்கி வைத்திருக்கும் உள்ளறையில். குளுகுளுவென்று இருக்கும், ஆள் நடமாட்டம் குறைவு. ஒருநாள் ஐந்து கிலோ கல்லைத் தேடி வந்த கள ஆய்வாளர் கதவைத் திறந்தார். பார்த்தார். உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கல் இல்லாமல் திரும்பிப் போக அவருக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடியபடியே அலமாரியைத் தடவி, கல்லை எடுத்து, மூடிய கண்ணோடே திரும்பி, கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டி, கல்லைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். அவர் போட்ட கூச்சலில் பக்கத்துப் பிரிவுகள் அத்தனையும் அறைக்குள் வந்துவிட்டன. சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முதலுதவி முடியும்வரை மில்லி மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாள். "நீங்களும் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாள் துணை இயக்குநரிடம் போய் நின்றாள்.

"நல்ல கோரிக்கைம்மா," என்றார் அவர். "எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் அவசரப்பட்டுச் செஞ்சு கெடுத்துடக் கூடாதுன்னு பாக்கறேன்."

"தாழ்ப்பாள்தானே சார்?"

"உங்களுக்குத் தாழ்ப்பாள். எங்களுக்கு அது ஒரு முன்னுதாரணம். நம்ம கட்டட விதி என்ன சொல்லுது? கடும் உழைப்பு நடக்கற அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, கவனம் சிதறக் கூடாது. ஓய்வு நடக்கற அறைக்குக் கிடையாது, தாழ்ப்பாள் போட்டா ஆளுங்க தூங்கிடுவாங்க. இப்ப நீங்க அங்க செய்யறது உழைப்பா, ஓய்வா?"

"பால் எடுக்கறேன் சார்."

"அது உங்க பார்வை. துறையோட பார்வையில நீங்க ஒரு நாற்காலியில உக்காந்திருக்கீங்க."

"உக்காந்துதானே சார் எடுக்க முடியும்?"

"அங்கதான் சிக்கல். உக்காந்தா எவ்வளவு ஆற்றல் செலவாகும், நின்னா எவ்வளவு, படி ஏறினா எவ்வளவு, எல்லாம் அளந்து வெச்சிருக்கோம். தும்மறதுக்குக்கூட எங்க முன்னோடிகள் கணக்கு எழுதிட்டுப் போயிருக்காங்க. பால் எடுக்கறதுக்கு மட்டும் இல்ல." அவர் வாசல் இருந்த திசையில் கையைக் காட்டினார். "அளக்கப்படாதது?"

"இல்லாதது சார்," என்றாள் மில்லி. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தது, தானாக வாயில் வந்துவிட்டது.

அந்த வாரமே 'பால் எடுத்தல் ஆற்றல் மதிப்பீட்டுக் குழு' அமைந்தது. குழுவில் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டாமா என்று நீளப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா கேட்டார். மூன்று பிள்ளை பெற்றவர். வாயும் கொஞ்சம் நீளம். துணை இயக்குநர் பொறுமையாக விளக்கினார்: பால் கொடுத்த பெண்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் இருக்கிறது, அனுபவம் இருந்தால் பாரபட்சம் வரும். பால் கொடுக்காத பெண்களுக்கோ அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாதவர்களைப் போட்டுக் குழுவின் தரத்தைக் குறைக்க முடியாது.

"இயக்குநர் ரூம்ல மட்டும் உள்தாழ்ப்பாள் இருக்கே சார், அங்க என்ன மூட்டை தூக்கறாங்க?" என்றார் அக்கா.

"சிந்தனை. கடும் உழைப்பு வரிசையில மூணாவது இடம்."

"அதான், போன வாரம் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. உள்ள சிந்தனை குறட்டை விட்டுட்டு இருந்துச்சு."

இந்தக் கருத்து பதிவாகவில்லை.

சோதனைக்கு ஒரு மூச்சு நிபுணர் வந்தார். சின்னப் பீரோ அளவுக்கு ஒரு இயந்திரம், அதிலிருந்து யானைத் துதிக்கைபோல ஒரு குழாய், குழாயின் முனையில் முகமூடி. உடம்பு இழுக்கும் காற்றையும் விடும் காற்றையும் வைத்து அது எவ்வளவு ஆற்றலை எரிக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடுமாம். கூட்ட அறையின் நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு இந்தப் பக்கம் முகமூடி மாட்டிய மில்லியும் கைப்பம்பும். அந்தப் பக்கம் குழு, தேநீர், பிஸ்கட்.

"ஆரம்பிக்கலாம்மா," என்றார் துணை இயக்குநர். "இயல்பா இருங்க. நாங்க யாரும் இல்லைன்னு நெனச்சுக்கங்க." சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்தார். அந்தச் சத்தம் திரையைத் தாண்டி வந்தது.

மில்லி அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. காலையிலிருந்து மார்பு கனத்துப் போய்க் கல்லாக இருந்தது, ஆனாலும் வரவில்லை. அது குழாய் இல்லையே, திருகினால் கொட்ட. மனம் இறங்கினால்தான் பால் இறங்கும். திரைக்குப் பின்னால் ஒருவர் இருமினார், இன்னொருவர் "வந்துடுச்சா?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

"வெக்கப்படாதீங்கம்மா, நாங்க எல்லாருமே குடும்பஸ்தங்கதான்."

நாற்காலிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். வரவில்லை. விளக்கை அணைத்தார்கள். இருட்டில் ஆறு ஆண்கள் மூச்சு விடும் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் வரும்? கடைசியாக ஒலிப் பிரிவிலிருந்து 'தர அழுகை' ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். துறை அங்கீகரித்த ஒரே குழந்தை அழுகை அது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் அழும். அதைக் கேட்டு மூச்சு நிபுணருக்குக் கண் கலங்கியது. புட்டி காய்ந்தே கிடந்தது.

முகமூடியை விலக்கிவிட்டு மில்லி கேட்டாள். "சார், மூச்சை மட்டும் அளந்தா எப்படி? சாப்பிடறதெல்லாம் பாலாகிப் புட்டிக்குள்ள போயிடுதே. அந்தச் சத்து எந்தக் கணக்கு?"

மூச்சு நிபுணர் தலையைச் சொறிந்தார். "அதுவும் ஒரு நியாயமான..."

"இல்ல இல்ல," என்று துணை இயக்குநர் குறுக்கே வந்தார். "பால் உடம்பை விட்டு வெளிய போகுது. அதனால அது விநியோகம். நாம அளக்கறது செலவு. விநியோகத்தைச் செலவுல சேத்தா நாளைக்குத் தணிக்கையில நான் தலையைக் குனிஞ்சு நிக்கணும். உங்களுக்கு அது சம்மதமா?"

அவர் தலை குனிவதில் மில்லிக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

இதில் அவதிப்பட்டது வீடு. குழு கூடும் நாட்களில் பால் எடுக்க முடியவில்லை. கூடாத நாட்களில், 'ஆய்வுக்கு உட்பட்டவர் ஆய்வுக்கு வெளியே பால் எடுத்தால் முடிவு பாதிக்கப்படும்' என்று உள்ளறையைப் பூட்டிவிட்டார்கள். கழிப்பறையில் நின்றுகொண்டே முயன்று பார்த்தாள். யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது நர்ஸ் நேராகவே சொல்லிவிட்டார். "எடுக்காம விட்டீங்கன்னா, தேவை இல்லைபோலன்னு உடம்பு நெனச்சுக்கும்மா. மெதுவாக் குறைச்சுக்கும். அப்புறம் நீங்க கெஞ்சினாலும் வராது."

குறைய ஆரம்பித்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் புட்டிகள் நின்ற வரிசை தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு மதியம் கணவர் போன் செய்தார்.

"என்னங்க, சாப்பிட்டானா?"

"சாப்பிட்டானாவா? காலையில வெச்சது காலையிலேயே தீந்துபோச்சு. டப்பாப் பால் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கி என் சட்டையில கக்கிட்டு, என்னமோ நான் விஷம் கொடுத்த மாதிரிப் பாக்கறான். இப்ப என் மூக்கைப் பிடிச்சு உறிஞ்சிட்டிருக்கான்."

"மூக்கையா?"

"வேற என்ன இருக்கு எங்கிட்ட? நீ சிரிக்காத, எனக்கு வலிக்குது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு தாழ்ப்பாள், ம்மா. நான் வேணும்னா டிரைவர் யூனிஃபார்மோட வந்து கதவுக்கு வெளிய நிக்கட்டுமா? பஸ்ஸை வேணும்னாலும் குறுக்க நிறுத்தறேன்."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது. போனை வைத்த பிறகு அவளும் கொஞ்சம் அழுதாள்.

போன் வழியாகக் கேட்ட குழந்தையின் அழுகையில் ஒரு காரியம் நடந்தது. யாரும் கேட்காத நேரத்தில், நடைபாதையில் நின்றுகொண்டிருந்தபோது, பால் தானாக இறங்கி மேல்சட்டை நனைந்தது. எதிரே வந்த துணை இயக்குநர் அதைக் கண்டார்.

"வந்துடுச்சு! நிபுணர் எங்க? முகமூடி, முகமூடி!" என்று கூவினார். "அம்மா, அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!"

மில்லி சால்வையை இழுத்து மூடிக்கொண்டு ஓடினாள். பின்னால் குழாயை இழுத்துக்கொண்டு நிபுணர், அவருக்குப் பின்னால் பீரோவைத் தள்ளிக்கொண்டு இரண்டு குழு உறுப்பினர்கள், எல்லோருக்கும் பின்னால் "மெதுவாப் போங்கம்மா, ஓடினா ஓட்டத்தோட ஆற்றலும் சேந்துடும்!" என்று மூச்சு வாங்கிக்கொண்டு துணை இயக்குநர். அக்கா நீளப் பிரிவுக் கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு, இரும்பு அளவுகோலைக் குறுக்கே பிடித்து நின்றார்.

"வாங்க," என்றார் வெளியே பார்த்து. "யாரு முதல்ல?"

யாரும் முதலில் வரவில்லை.

மில்லியிடமிருந்து முடிவு எதுவும் கிடைக்காததால், ஒப்பீட்டுக்கென்று ஒரு ஆணை வைத்து அளப்பது என்று குழு தீர்மானித்தது. பதிவேட்டுப் பிரிவு எழுத்தர் ஒருவர் முன்வந்தார். அரை நாள் விடுப்பு உண்டு என்றதும் முன்வந்தார் என்பது சரியாக இருக்கும். சட்டைக்கு மேலேயே பம்பை வைத்து அழுத்தினார். அழுத்தும்போதெல்லாம் கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தார். சிரிப்பும் ஆற்றல்தானே? இயந்திரம் பெரிய எண்ணாகக் காட்டியது.

அறிக்கை வெளியானது. ஆண் எழுத்தர் ஒருவர் பால் எடுக்கும்போது செலவாகும் ஆற்றல், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாலூட்டும் தாய்க்குச் செலவானதைவிட நான்கு மடங்கு. ஆகவே தாய் செய்வது ஓய்வு. ஓய்வு என்பதால் தாழ்ப்பாள் தேவையில்லை. ஓய்வு என்பதால் அந்த நேரத்தை மதிய உணவு இடைவேளையில் கழித்துக்கொள்ளலாம். எழுத்தர்கள் யாராவது பால் எடுக்க விரும்பினால், கடும் உழைப்பு என்ற அடிப்படையில் அவர்களுக்குத் தாழ்ப்பாள் பரிசீலிக்கப்படும்.

"சார், அவருக்குப் பாலே வரலையே?" என்றாள் மில்லி.

"உங்களுக்கும்தான் வரலை. ரெண்டு பேரையும் சமமாத்தான் நடத்தியிருக்கோம்," என்றார் துணை இயக்குநர். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பெயர் பெற்ற ஆய்வாகிவிட்டதால் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. இயந்திரம் இனி நிரந்தரமாக இங்கேயே இருக்கும். அதற்குக் குளிர்ச்சியான அறை வேண்டும். எடைக்கல் உள்ளறையை ஒதுக்கினார்கள். மூச்சு நிபுணர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆளுங்க திடீர்னு கதவைத் திறந்தா மெஷினுக்கு அதிர்ச்சி ஆகும். உள்ள ஒரு தாழ்ப்பாள் இருந்தா நல்லது," என்றார்.

அவர் கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் தச்சர் வந்துவிட்டார். பித்தளைத் தாழ்ப்பாள். பளபளவென்று மின்னியது.

அக்கா வாசலில் நின்று பார்த்தார். "மெஷின் இப்ப உழைக்குதா, ஓய்வெடுக்குதா சார்? இன்னும் பிளக்கே மாட்டலையே?"

"தயார்நிலையில இருக்கு," என்றார் துணை இயக்குநர். "தயார்நிலை உழைப்புல சேரும்."

மறுநாள் திறப்பு விழா. உள்ளறை வாசலில் சிவப்பு ரிப்பன், ஒலிபெருக்கி, ஊழியர்கள் அனைவரும் வரிசையாக. தட்டில் கத்தரிக்கோல். இயக்குநர் தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து பேச ஆரம்பித்தார். மில்லி முன்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தாள். 'ஆய்வின் ஆதாரம்' என்று அவளுக்குச் சட்டையில் குத்த ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் முழுக்க எடுக்கவில்லை. பால் கட்டிப்போனதால் ராத்திரி குழந்தையாலும் சரியாகக் குடிக்க முடியவில்லை. மார்பு பாறையாக இறுகி, கையைத் தூக்கினால் சுரீரென்று வலித்தது. காய்ச்சல் வருவதுபோலிருந்தது. இன்றைக்கும் விட்டால் நர்ஸ் சொன்னது நடந்துவிடும் என்று அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது.

"தாய்மை," என்றார் இயக்குநர். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. "தாய்மை என்பது அளவிட முடியாதது என்று கவிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் அளந்துவிட்டோம். மிகவும் குறைவு என்று கண்டுபிடித்திருக்கிறோம். இந்தப் பெருமை நம் துறையைச் சேரும். எனக்கும் ஒரு தாய் இருந்தார். அவர் என்னை வளர்த்ததில் இவ்வளவு சொற்ப ஆற்றல்தான் செலவானது என்று தெரிந்த பிறகு என் மனதிலிருந்த ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. பட்ட கடன் என்று எதுவும் இல்லை. இதேபோல நம் ஊழியர்கள் ஒவ்வொருவரும்..."

கைதட்டச் சொல்லித் துணை இயக்குநர் சைகை காட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் மில்லி தோளில் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆய்வின் ஆதாரம் மரியாதை செலுத்த வருகிறது என்று நினைத்து இயக்குநர் பேச்சை நிறுத்தி, கையைக் குவித்தார். அவள் குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பித்தளை பித்தளையோடு உரசும் சத்தம் ஒலிபெருக்கியில்கூடக் கேட்டது.

உள்ளே குளிர்ச்சி. அலமாரியில் கற்கள் அளவு வாரியாக அடங்கி நின்றன. முகமூடி ஆணியில் தொங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பம்பை எடுத்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், அது அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கணவரின் மூக்கைப் பிடித்துத் தொங்கும் அந்தக் குட்டி வாயை நினைத்தாள். சிரிப்பு வந்தது. சிரிப்போடு பாலும் வந்தது. முதலில் சொட்டாக, பிறகு கம்பியாக, பிறகு புட்டியின் சுவரில் சர்சர்ரென்று.

வெளியே கதவு தடதடத்தது.

"அம்மா! ரிப்பன் இன்னும் வெட்டலம்மா!"

"வெட்டிக்கங்க சார்."

"உள்ள யாருமே போகாமத்தான் திறந்து வைக்கணும்!"

வெளியே குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. இயக்குநர் தம் பேச்சின் அடுத்த பக்கத்தைப் படிக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "படிங்க சார், அவளுக்கு இன்னும் நேரம் ஆகும்," என்றது அக்காவின் குரல். யாரோ சிரித்தார்கள். சாவி எங்கே என்று யாரோ கேட்க, உள்தாழ்ப்பாளுக்குச் சாவி ஏது என்று தச்சர் விளக்கினார். பிறகு கதவில் யாரோ காதை வைப்பது தெரிந்தது.

"அம்மா," என்றார் துணை இயக்குநர். குரலில் முதல்முறையாக ஒரு பதற்றம். "என்னமோ சத்தம் கேக்குதே. வருதா?"

"வருது சார்."

"நிறையவா?"

"நிறைய."

"முகமூடி போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"மெஷினையாவது ஆன் பண்ணீங்களா?"

"இல்ல சார்."

கதவுக்கு வெளியே ஒரு நீண்ட பெருமூச்சு. "அப்ப இது கணக்குல வராதும்மா!"

"சரி சார்," என்று சொல்லிவிட்டு, நிரம்பிய புட்டியை மூடி வைத்து, மில்லி அடுத்ததை மாட்டினாள்.